எதிர்க்கட்சி நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகலாமா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பென்ஷன் பற்றி எழுதியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்தே கூடப் படித்த நண்பர் ஒருவர், முப்பது வருஷப் பழக்கம். இவர் ஒரு கட்சி, அவர் நேர் எதிர்க் கட்சி. தேர்தல் நேரத்தில் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வாக்குவாதம் முற்றி, நண்பர் குழுவைவிட்டே போய்விட்டார். அதோடு பேச்சும் நின்றுவிட்டது. இப்போது நண்பரின் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை தபாலில் வந்திருக்கிறது. நாலு தெரு தள்ளி இருப்பவர் தபாலில் அனுப்பியிருக்கிறார், அதைக் கவனியுங்கள். "ஐயா, எதிரெதிர்க் கொள்கை உள்ளவர்கள் நண்பர்களாக இருக்க முடியுமா? கல்யாணத்துக்குப் போகலாமா?" இதுதான் கேள்வி.

முடியுமா என்றால், முடியும். அதற்கு நான் யாரைச் சொல்லப்போகிறேன் என்று நம் சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். "மறுபடியும் ராஜாஜி, பெரியாரா" என்று கமெண்டில் போடுவீர்கள். ஆமாம், மறுபடியும்தான். ஆனால் இந்தத் தடவை வேறு ஒரு இடத்தைக் காட்டுகிறேன்.

ராஜாஜி சேலம் நகராட்சிக்குத் தலைவர், பெரியார் ஈரோடு நகராட்சிக்குத் தலைவர். அந்தக் காலத்துப் பழக்கம். 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸைவிட்டு வெளியேறினார். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது ராஜாஜியின் அரசு, எதிர்த்துச் சிறைக்குப் போனவர் பெரியார். நண்பரின் ஆட்சி, நண்பருக்கே சிறை. 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளித் திட்டம் கொண்டுவந்தார், மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள், பெரியார் அதில் முன்னால் நின்றார். அடுத்த வருஷம் ராஜாஜி பதவியைவிட்டே போனார். இதெல்லாம் தெரிந்த கதை. 1972 டிசம்பர் 25இல் ராஜாஜி இறந்தபோது, 93 வயதில், தள்ளாத உடம்போடு பெரியார் வந்து அழுததும் தெரிந்த கதைதான்.

நான் சொல்ல வருவது நடுவில் இருக்கும் 1949. அந்த வருஷம் மே மாதம் இருவரும் திருவண்ணாமலையில் சந்தித்துத் தனியாகப் பேசினார்கள். ராஜாஜி அப்போது கவர்னர் ஜெனரல். என்ன பேசினார்கள் என்று வெளியில் சொல்லவில்லை. ஜூலையில் பெரியார் மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டார். அவருக்கு எழுபதை நெருங்கும் வயது, அம்மையாருக்கு முப்பதுகூட ஆகவில்லை. பெரியாரின் திராவிடர் கழகத்துக்குள் பெரிய கொந்தளிப்பு. செப்டம்பரில் அண்ணா பிரிந்துபோய் தி.மு.க. என்று தனிக் கட்சி தொடங்கினார். ஊரெல்லாம் என்ன பேச்சு தெரியுமா? "ஆச்சாரியார்தான் யோசனை சொல்லிக் கழகத்தை உடைத்துவிட்டார்" என்று. ஆச்சாரியார் என்றால் ராஜாஜிதான்.

உண்மை என்னவென்றால், ராஜாஜி இந்தத் திருமணம் வேண்டாம் என்ற பக்கமாகத்தான் கடிதம் எழுதியிருந்தார். அந்தரங்கமான கடிதம். இருவரும் போய்ச்சேர்ந்த பிறகுதான் அது வெளியே வந்தது.

யோசித்துப் பாருங்கள். ராஜாஜிக்கு ஒரு வாக்கியம் போதும். "நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்." பழி நீங்கியிருக்கும். கூடவே எதிராளிக்கு ஒரு குத்தும் விழுந்திருக்கும். 1953இல் ஊரே தன்னைத் திட்டியபோதும் அவர் அதை எடுக்கவில்லை. ராஜாஜியின் அரசியல் எனக்கு ஒத்துவராது, பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்த மனிதருக்கு எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

இதையே நான் என் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். அப்பா காங்கிரஸ். பக்கத்துத் தோட்டத்து மாமா தி.மு.க. இருவரும் சாயங்காலம் உட்காரும் டீக்கடையில் "இங்கு அரசியல் பேசாதீர்" என்று ஒரு பலகை தொங்கும். அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் பேசுவார்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார், பேச்சு நீண்டால் அவருக்கு இரண்டு டீ கூடுதலாக ஓடும்.

தேர்தல் அன்று இருவரும் அவரவர் கட்சிக்குப் பூத் ஏஜென்ட். வாக்குச்சாவடிக்குள் ஏஜென்டுகள் உட்காரும் இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? எந்தக் கட்சியானாலும் ஒரே பெஞ்சுதான். ஆளுக்கொரு வாக்காளர் பட்டியல், அடிக்கோடு போட ஒரு பேனா. ஒரு தேர்தலில் மாமா பக்கம் அழைத்துவந்த ஆளைப் பார்த்து "இவர் அந்தப் பெயருக்கு உரியவர் இல்லை" என்று அப்பா ஆட்சேபணை சொல்லிவிட்டார். அதற்கு இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். அப்பா சட்டைப் பையைத் தடவினார், சில்லறை இல்லை. மாமா தன் பையிலிருந்து இரண்டு ரூபாயை எடுத்து வைத்தார். தன் ஓட்டைத் தடுக்கத் தானே காசு! மத்தியானம் ஒரே தூக்குச்சட்டியிலிருந்து தயிர்சாதம் சாப்பிட்டார்கள். சாயங்காலம் பெட்டிக்குச் சீல் வைத்ததும் ஒரே சைக்கிளில் வீடு திரும்பினார்கள்.

சிரிக்கிறீர்கள், சரி. ஆனால் முக்கியமானது இது இல்லை. அத்தை கல்யாணத்துக்கு அப்பா மாமாவிடம் கைமாற்று வாங்கியிருந்தார். ரொம்ப நாள் திருப்பித் தர முடியவில்லை. அதற்கு நடுவில் ஊராட்சித் தேர்தல் வந்தது. மாமா மேடையில் அப்பாவைக் கிழி கிழி என்று கிழித்தார். வாய்க்கால் தூர்வாராததைச் சொன்னார், தெருவிளக்கு எரியாததைச் சொன்னார், அப்பா கதர்ச் சட்டைக்குக் கஞ்சி போடுவதைக்கூட விடவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நான் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் கை நடுங்கியது. எதற்கு என்று அப்போது புரியவில்லை. கடைசிவரை அந்தக் கடன் பேச்சு மாமா வாயிலிருந்து வரவே இல்லை.

இப்போது தம்பியின் கடிதத்துக்கு வருகிறேன். மூன்று தடவை படித்தேன். மூன்றாவது பத்தியில், போகிற போக்கில், ஒரு வரி எழுதியிருக்கிறார். "கோபத்தில், ஊரடங்கு சமயத்தில் அவன் பனியன் யூனிட் மூடிக் கிடந்தபோது என்னிடம் வந்து அழுது கடன் வாங்கியதையும் குழுவில் போட்டுவிட்டேன்." அதற்குப் பிறகு மறுபடி கட்சி, கொள்கை என்று ஒரு பக்கம்.

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது அந்த ஒரு வரியைப் பற்றித்தான். கொள்கைக்காக யாரும் பத்தாம் வகுப்புக் குழுவைவிட்டுப் போவதில்லை. உங்கள் கட்சியை அவரும், அவர் கட்சியை நீங்களும் முப்பது வருஷமாகத் திட்டித்தானே வந்திருக்கிறீர்கள்? அப்போதெல்லாம் போகாதவர் அன்று ஏன் போனார்? நாற்பது பேர் பார்க்கிற இடத்தில் தன் அழுகையை நீங்கள் எடுத்துப் போட்டதால் போனார். மாமா பையில் வைத்துக்கொண்டதை நீங்கள் மேடைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

கடன் பற்றிப் பேசிய வீடியோவில் சொன்னேன், நினைவிருக்கும். கொடுத்த பணத்தைக் கேட்பது உரிமை, கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது வேறு. அதேதான் இங்கேயும்.

ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் சண்டைக்கு வருவீர்கள். எல்லாரோடும் நட்பாக இருந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உன் சாதிக்காரன் என் வீட்டுத் திண்ணையில் உட்காரக்கூடாது என்பவனிடம் கருத்து வேறுபாடு என்று பேச ஒன்றும் இல்லை, எழுந்து வந்துவிடுங்கள். வரி, மொழி, கூட்டணி, எந்தத் தலைவர் நல்லவர் என்பதெல்லாம் வேறு. 1967 தேர்தலில் ராஜாஜி தி.மு.க.வோடு கூட்டணி வைத்தார், பெரியார் காமராஜரை ஆதரித்தார். அணி அப்படியே தலைகீழாக மாறியது. அது மாறும். அதற்காக முப்பது வருஷத்தைக் கொடுப்பது நஷ்ட வியாபாரம்.

கல்யாணத்துக்குப் போங்கள். ஆனால் முகூர்த்தத்துக்கு நேராகப் போய் மொய் எழுதிவிட்டு வராதீர்கள். அன்று அவர் பெண்ணின் அப்பா, யார் வந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டாக வேண்டும். அவரை அந்தச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். பந்தல் போடுகிற நாளுக்கு முன்னாலேயே ஒரு சாயங்காலம், மனைவியைக்கூட அழைக்காமல், தனியாகப் போங்கள். கட்சிப் பேச்சை எடுக்காதீர்கள், விளக்கமும் கொடுக்காதீர்கள். "அதைக் குழுவில் போட்டது தப்பு" என்று சொல்லுங்கள். அப்புறம் அதே குழுவிலும் எழுதுங்கள். நாற்பது பேர் முன்னால் போட்டதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டால் பாதிதான் தீரும். அவர் உட்காரச் சொல்லாமலும் இருக்கலாம். நின்றுகொண்டே சொல்லிவிட்டு வாருங்கள்.

என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், தம்பி. இங்கே படிக்கமாட்டேன்.

சரி, பென்ஷன் கேள்விக்கு வருவோம். கோவில்பட்டியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.