வீட்டு ஆள் கூலியை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்?

(சேலம் செவ்வாய்பேட்டையில் சிறுதொழில் செய்வோர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தொழிலை எப்படி வளர்ப்பது என்று பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதைச் சொல்லித்தர யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதுகிறவள். தொழிலை எந்த அளவோடு நிறுத்தினால் வீடும் வீடாக இருக்கும் என்பதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பாதியில் மைக்கைப் பிடுங்கிவிடாதீர்கள்.

என்னிடம் வரும் நோட்டுகளில் சரக்கு, வாடகை, கரண்ட், ஆள் கூலி எல்லாம் இருக்கும். ஆள் கூலி என்றால் வெளியாள் கூலி. கடைக்காரர், அவர் மனைவி, காலேஜ் விட்டதும் கல்லாவில் உட்காரும் பையன், வெங்காயம் உரித்துக் கொடுக்கும் மாமியார், இவர்கள் பெயர் எந்தப் பக்கத்திலும் இருக்காது. கடைசியில் மிச்சம் நிற்கிற தொகையை லாபம் என்று எழுதிக் கோடு போட்டுவிடுகிறோம். நாலு பேர் சம்பளத்தை ஒரே பையில் போட்டால் பை பெரிதாகத்தான் தெரியும். மனைவி உட்பட வீட்டு ஆட்களுக்கும் நோட்டில் சம்பளம் எழுதுங்கள்.

இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய காய்கறியும் சட்னியும் வைத்துத் தரும் நம் ஊர்த் தட்டுவடை செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி தெருவுக்கு வருவது சாயங்காலம் ஐந்து மணிக்கு. வண்டிக்கார அக்காவின் நாள் மத்தியானம் ஒரு மணிக்கே தொடங்கிவிடும். கேரட் துருவ வேண்டும், பீட்ரூட் துருவ வேண்டும், வெங்காயம் பொடியாக அரிய வேண்டும், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி இரண்டும் அரைக்க வேண்டும். பீட்ரூட் சாயம் நகக்கண்ணில் ஏறி, கல்யாண வீட்டுக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாலும் விரல் காட்டிக்கொடுத்துவிடும். ராத்திரி பாத்திரம் கழுவி முடிக்கப் பதினொன்று ஆகும். ஆக, அவருக்குப் பத்து மணி நேரம். நாலு மணிக்கு வந்து சேர்ந்துகொள்ளும் வீட்டுக்காரருக்கு ஏழு.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். செட் 30 ரூபாய், அதில் சரக்கு 15. நாளைக்கு 80 செட் போனால் கையில் 1,200. இடத்துக்கும் விளக்குக்கும் 180 கொடுத்தது போக 1,020. அதைப் பதினேழு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 60 ரூபாய். இந்தக் கூலிக்கு வெளியாள் வருவாரா? வரமாட்டார் என்றால் செட்டுக்கு வைத்த விலை தப்பு. வாங்கிச் சாப்பிடுகிறவர் கொடுக்காமல் விட்டதை வீட்டில் இருப்பவர்கள் தங்கள் உடம்பிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஐந்து ரூபாய் ஏற்றினால் வாடிக்கை ஓடிப்போகும்மா" என்பார்கள். கொஞ்சம் போகத்தான் செய்யும். செட் 35 ஆனால் ஒன்றுக்கு 20 நிற்கும். 60 செட் விற்றாலே அதே 1,200 வந்துவிடுகிறது. கால்வாசி வாடிக்கை போனாலும் காசு குறையவில்லை, துருவ வேண்டிய கேரட்தான் கால்வாசி குறைகிறது. நடப்பில் அவ்வளவு பேர் போவார்களா என்பது வேறு.

அப்புறம், விற்பனையை ஒரு மாதத்துக்கு மணிவாரியாகக் குறித்துப் பாருங்கள். ஆப் எல்லாம் வேண்டாம், நோட்டில் கோடு போட்டால் போதும். நான் பார்த்த வண்டிகளில் முக்கால்வாசி வியாபாரம் ஒன்பதுக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நிற்பது, ஒரு வேளை யாராவது வந்தால் என்பதற்காக. அந்த 'ஒரு வேளை'க்காக வீட்டில் பிள்ளை தனியாகச் சோறு போட்டுச் சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறது.

கொலுசுப் பட்டறைக்காரர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. விலை வைப்பது உங்கள் கையில் இல்லை. வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறார், கொலுசாகத் திருப்பி வாங்கிக்கொள்கிறார், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கம்பி இழுப்பது ஒரு வீடு, பற்ற வைப்பது ஒரு வீடு, மெருகு போடுவது இன்னொரு வீடு. சிவதாபுரம் பக்கம் தெருவே ஒரு பட்டறைதான். 2025 தொடக்கத்தில் கிராம் நூறு ரூபாயை ஒட்டி இருந்த வெள்ளி அதே வருஷத்தில் இருநூறைத் தாண்டியது. கால் கொலுசு போடுவதை யாரும் விடவில்லை, எடையைத்தான் குறைத்தார்கள். நூறு கிராம் ஜோடி என்றால் கிலோவுக்குப் பத்து ஜோடி. ஐம்பது கிராம் என்றால் இருபது. பற்ற வைக்க வேண்டிய கண்ணியும் மாட்ட வேண்டிய கொக்கியும் ஏறிக்கொண்டே போகும், கூலி மட்டும் அதே கிலோவுக்கு. ராத்திரி ஊதுகுழாய் முன்னால் அதிகமாக உட்காரும் அந்த இரண்டு மணி நேரம் இங்கிருந்துதான் வருகிறது. எடை குறைந்த சரக்குக்கு ஜோடிக் கணக்கில் கூலி கேளுங்கள். ஒருத்தர் கேட்டால் வேலை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். தெருவே சேர்ந்து கேட்டால் வியாபாரியும்தான் எங்கே போவார்?

வசூல் விஷயம். ஞாயிற்றுக்கிழமையைத் தின்பது வேலையை விட வசூல்தான். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் வருஷத்துச் சட்டப்படி, உத்யம் என்கிற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவைத் தொழில் செய்வோருக்கும் எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் வர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டுவட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொன்றும் உண்டு. கெடு தாண்டி வருஷக் கடைசியிலும் கொடுக்காமல் நிற்கும் பாக்கியை, வாங்கியவர் அந்த வருஷச் செலவாகக் கழித்து வரியைக் குறைக்க முடியாது. வாங்கி விற்கும் கடைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

வருஷக்கணக்காக வேலை தரும் வியாபாரி மேல் நீங்கள் வழக்குப் போடமாட்டீர்கள் என்பது எனக்கும் தெரியும். போடச் சொல்லவில்லை. உத்யம் எண்ணையும் பணம் தர வேண்டிய தேதியையும் பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள். மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டரே அவரிடம் உங்கள் பாக்கியை ஞாபகப்படுத்துவார். நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

லீவு என்றாலே ஞாயிறு என்றும் நினைக்க வேண்டியதில்லை. ஏற்காட்டில் அறை வாடகைக்கு விடும் குடும்பத்துக்குச் சனி ஞாயிறுதான் சாப்பாடு. மே மாதக் கோடை விழா நேரத்தில் மூச்சு விட முடியாது. காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் தோட்டக்காரர்கள் வேறு எதையும் யோசிக்க முடியாது. அவர்கள் வருஷத்தை முன்னால் வைத்துக்கொண்டு மூடும் நாளைக் குறிக்க வேண்டும். கொலுசுக்காரர்களுக்கு ஆடி இருக்கிறது. கல்யாணம் கிடையாது, மாரியம்மன் பண்டிகைக்குச் சொந்தபந்தம் எல்லாம் ஊருக்கு வரும். வேலை குறைந்துபோன நாளில் பட்டறையில் சும்மா உட்கார்ந்திருப்பது ஓய்வு என்று சிலர் நினைக்கிறார்கள். வீட்டில் கேட்டால் தெரியும்.

மனைவிக்குச் சம்பளம் எழுதச் சொன்னதும் முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். நான் சொன்னது உங்கள் சொந்த நோட்டில். வருமான வரிக் கணக்கில் அப்படியே காட்டினால் அந்தச் சம்பளத்தைப் பல நேரம் உங்கள் வருமானத்தோடு சேர்த்துவிடுவார்கள். இரண்டு பேரும் பங்குதாரராகப் பதிந்துகொண்டால் உழைக்கும் பங்குதாரருக்குச் சட்ட வரம்புக்குள் சம்பளம் காட்டலாம். கடன் கேட்டுப் போகும்போது அந்த அக்கா பெயரிலும் ஒரு கையெழுத்துக்கு மதிப்பு வரும். ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள். பெயருக்குப் பங்குதாரர், கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுவது என்றால் பதியாமலே இருங்கள்.

ஒரு தம்பி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: "பக்கத்துக் கடை ராத்திரி பதினொன்று வரை திறந்திருக்கிறது, நான் ஒன்பதுக்கு மூடினால் என் ஆள் அங்கே போய்விடுவாரே?" போவார் தம்பி, ஒன்பதரைக்கு வருகிறவர் போவார். முதலில் மணிவாரி நோட்டில் அவர் எத்தனை பேர் என்று பாருங்கள். பத்துப் பேருக்கு மேல் இருந்தால் திறந்தே வையுங்கள், ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஓர் ஆளைப் போட்டு, அவருக்குக் கொடுக்கும் கூலியை அந்தப் பத்துப் பேர் கட்டுகிறார்களா என்று மாசக் கடைசியில் கூட்டுங்கள். கட்டவில்லை என்றால் அந்தப் பத்துப் பேரைப் பக்கத்துக் கடைக்காரருக்கே விட்டுக்கொடுங்கள்.