தேர் நிலை சேர 361 நாள்

(நம் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. அன்று விட்டுப்போன இரண்டொரு விவரங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும், எனக்கு எட்டாம் வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுத்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஐயா உட்கார்ந்திருக்கிற மேடையில் நான் நின்று பேசுவதை என் பேறாக நினைக்கிறேன். முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, கூட்டத்தை முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாடுகூட இல்லாமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள், அதற்குத் தனியாக ஒரு வணக்கம். பந்தலும் நாற்காலியும் காசு வாங்காமல் போட்டுக்கொடுத்த அண்ணன் அவர்களே, வந்தவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றிக்கொண்டிருக்கிற மகளிர் குழுச் சகோதரிகளே, தறிக்குடோனுக்கு அரை நாள் லீவு விட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிற உரிமையாளர்களே, எங்கள் நூலகர் அம்மா அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, எல்லோருக்கும் என் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுக்கச் சொன்னேன், அப்படியே செய்த விழாக் குழுவுக்கும் நன்றி.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். கஷ்டமான பெரிய நாவல்கள் ஏன் கஷ்டமாக இருக்கின்றன என்பது ஒன்று. அதைச் சேர்ந்து படிப்பது எப்படி என்பது இரண்டு. ஒரே நாவலுக்கு இரண்டு மூன்று மொழிபெயர்ப்பு இருந்தால் எதை எடுப்பது என்பது மூன்று.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று நம்மில் சொல்வார்கள். இந்த வட்டத்தில் நான் அடிக்கடி சொல்கிற வாக்கியம் இது. அவிநாசித் தேரை இங்கே பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். சித்திரை மாதம், தார் உருகுகிற வெயில். முதன்முதலாக என் அப்பாரு தோளில் உட்கார்ந்துதான் பார்த்தேன். வடத்தில் எத்தனை ஆயிரம் கை! அந்தத் தேர் நேர் ரோட்டில் வருவது பெரிதில்லை. மூலையில் திரும்ப வேண்டும் பாருங்கள், அங்கேதான் நின்றுவிடும். முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து ஓடுவார். கட்டையை ஒரு விரக்கடை இப்படி, ஒரு விரக்கடை அப்படி வைப்பார். பின்னாலிருந்து நெம்புவார்கள். கூட்டம் மோர் குடித்துக்கொண்டு காத்திருக்கும். ஒரே நாளில் நிலை சேர்ந்துவிடாது, நிறுத்திவைத்து மறுநாளும் இழுப்பார்கள். மூலையில் நிற்கிற தேரைப் பார்த்து இது ஓடாது என்று சொல்லி யாரும் வீட்டுக்குப் போனதில்லை. ஆனால் ஒரு பெரிய நாவலில் எண்பதாவது பக்கத்தில் நின்றுவிட்டால் மட்டும், நமக்கு அவ்வளவு படிப்பு போதாது என்று மூடி வைத்துவிடுகிறோம். தனியாக இழுத்துப் பார்த்துவிட்டுத் தன் கையைக் குறை சொல்லிக்கொள்கிற மாதிரிதான் இது.

எங்கள் வட்டம் எடுத்துக்கொண்டது டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்'. ருஷ்ய மொழியில் 1865க்கும் 1869க்கும் இடையில் வந்த நாவல். தினமணியின் முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் அதைத் தமிழில் கொண்டுவந்தார். மூலத்தில் 361 அத்தியாயம். நாளுக்கு ஒன்று, வாரத்துக்கு ஏழு. 52 வாரத்தில் 364 ஆகிறது. மூன்று நாள் மிச்சம், அதைப் பொங்கலுக்கு விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடி அந்த வாரத்து ஏழு அத்தியாயத்தைப் பேசுவோம். படித்து முடிக்காதவர்களும் வரலாம் என்பது எங்கள் முதல் விதி. வடத்தைத் தொட்டவர் எல்லோரும் தேர் இழுத்தவர்கள்தான்.

இனி அது ஏன் கஷ்டம் என்பதற்கு வருகிறேன். வார்த்தை கஷ்டமில்லை. எடுத்த எடுப்பில் 1805ஆம் வருடம், பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு பெரிய வீட்டு விருந்து. யாரென்றே தெரியாத பத்து இருபது பேர் உள்ளே வருகிறார்கள், உட்காருகிறார்கள், நெப்போலியனைப் பற்றிப் பேசுகிறார்கள். தெரியாத கல்யாண வீட்டுக்குள் தவறிப்போய் நுழைந்த மாதிரி இருக்கும். அந்தக் கல்யாண வீட்டை எங்களுக்குச் சொந்த வீடாக ஆக்கிக்கொடுத்தவர் இங்கே நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதனால் மொய்க்கணக்கு ஐயா என்றே சொல்கிறேன்.

அரிசி மில்லில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர். முப்பது வருடமாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும் சீரானாலும் மொய் எழுத அவரைத்தான் உட்கார வைப்பார்கள். மூன்றாவது வாரம் இது நடந்தது. பனியன் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு தம்பி கேட்டார்: "நடாஷா, நதாலியா இலினீச்னா, சின்ன ரஸ்தோவா, இவங்க மூணு பேரும் அக்கா தங்கச்சிங்களாங்க?" நியாயமான கேள்வி. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். மூன்றும் ஒரே பெண் என்று சொன்னேன். அதுவரை வாயே திறக்காமல் இருந்த பெரியவர் கேட்டார்: "ஏனுங்க, இலினீச்னான்னா என்னுங்க அது?" அப்பா பெயர் இலியா, இலியாவின் மகள் இலினீச்னா, மகனாக இருந்தால் இலியிச், அங்கே மரியாதையாகக் கூப்பிடுவது என்றால் பெயரோடு தகப்பன் பெயரையும் சேர்த்துத்தான் சொல்வார்கள் என்றேன்.

பெரியவர் ஒரு நிமிடம் மேலே பார்த்தார். "அட, இது மொய் எழுதற கணக்குத்தானுங்க" என்றார். எழுந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நாங்கள் பயந்துவிட்டோம். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் ஒரு புது மொய் நோட்டு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு. அந்த நீள நோட்டில் கட்டம் போட்டிருக்கும் இல்லையா: ஊர், தகப்பனார், பெயர், தொகை. "நம்ம ஊர்ல எத்தனை பழனிசாமி இருக்கறான்? தோட்டத்துப் பேரு, அப்பன் பேரு, பட்டப் பேரு போடாம எந்த பழனிசாமின்னு கண்டுபுடிப்பீங்க? அவங்களுக்கும் அதே தொல்லைதான்" என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

மாஸ்கோ. இலியா மகள். நடாஷா. அடுத்து வழுக்கை மலைத் தோட்டம், அதாவது இளவரசர் ஆந்த்ரேயின் ஊர். நிக்கோலாய் மகன் ஆந்த்ரே. அப்புறம் கிரில் மகன் பியோத்தர், கூப்பிடுகிற பேர் பியர். எல்லாம் சரி, தொகைக் கட்டத்தில் என்ன எழுதுவது? அந்த ஆள் கதைக்குள் வரும்போது என்ன கொண்டுவந்தார் என்று எழுதலாம் என்றார். பியருக்கு நேரே, "கையில ஒண்ணுமில்லை. பெரிய சொத்து வருது." ஆந்த்ரேக்கு நேரே, "சண்டைக்குப் போறார். வீட்டுக்காரி மாசமா இருக்கறா." நடாஷாவின் அப்பாவுக்கு நேரே, "செலவாளி." விருந்துக்கு வந்து, தன் மகனைப் பட்டாளத்தில் நல்ல இடத்தில் சேர்த்துவிடச் சொல்லி இளவரசர் வாசிலியிடம் கெஞ்சுகிற அம்மாவுக்கு நேரே, "மகனுக்கு வேலை கேட்டு வந்தார்." அந்த வாசிலிக்கு நேரே கொஞ்சம் யோசித்து, "கொடுக்க வரலை, வாங்க வந்தார்." அவ்வளவுதான். அந்த நோட்டு மேசைக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வட்டத்தில் ஒருவரும் பெயர் குழம்பி நின்றதில்லை. 500 பேருக்கு மேல் வருகிற நாவல் அது. எத்தனையோ அறிமுக உரை படித்திருக்கிறேன், இத்தனை தெளிவு வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

கதை இதோடு முடியவில்லை. கொஞ்ச நாளில் பியரின் அப்பா சாகக் கிடக்கிற அத்தியாயம் வந்தது. உயில் இருக்கிற தோல் பையை ஒரு பெண் பிடித்துக்கொள்கிறாள், இன்னொரு அம்மா பறிக்கப் பார்க்கிறாள். உள்ளே உயிர் போய்க்கொண்டிருக்கிறது, வெளியே பையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று மொய்க்கணக்கு ஐயா நோட்டைத் திறக்கவில்லை. "எங்க பெரியப்பன் கட்டில்ல கெடக்கறப்ப டிரங்குப் பெட்டிச் சாவிக்கு இதே கூத்து நடந்துதுங்க. நானும் இழுத்தவன்தான்" என்றார். யாரும் பேசவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. பனியன் கம்பெனித் தம்பி எழுந்து போய் அவருக்கு ஒரு டீ வாங்கிவந்து கொடுத்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வட்டத்தில் ஸ்பின்னிங் மில்லில் இருபது வருடம் சைடராக, அதாவது நூற்கிற மெஷினைப் பார்த்துக்கொள்கிறவராக, இருந்த ஓர் அக்கா இருக்கிறார். அந்த முதல் விருந்தை நடத்துகிற அன்னா பாவ்லோவ்னாவை டால்ஸ்டாய் எதற்கு ஒப்பிடுகிறார் தெரியுமா? நூற்பாலை முதலாளிக்கு! ஆட்களை வேலையில் நிறுத்திவிட்டு அவர் நடந்துகொண்டே இருப்பாராம். எங்காவது நூல் சுற்றுகிற ஒரு கதிர் நின்றாலோ, கிரீச்சென்று சத்தம் மாறினாலோ ஓடிப்போய்ச் சரிசெய்வாராம். அதே மாதிரி இந்த அம்மா, பேச்சு நின்றுபோன கூட்டத்துக்கு ஓடி, ஒரு வார்த்தை போட்டு மறுபடி ஓட விடுகிறாள். நான் இந்த இடத்தை இரண்டு முறை படித்துத் தாண்டிப் போனவன். அக்கா சொன்னார்: "கண்ணு, கதிர் நின்னா பாத்துத் தெரியாது. இத்தனை இரைச்சல்ல ஒரு சத்தம் கொறையும், அது காதுக்குத் தெரியும். இந்த மனுசன் மில்லுக்குள்ள போயி நின்னுருக்கறார்." கோயம்புத்தூர்ச் சீமையில் பிறந்த வாசகருக்கு மட்டும் கிடைக்கிற பக்கம் அது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். கூட ஆள் இருந்தால் பாரம் குறையும் என்பது மட்டுமில்லை, ஒருவருக்குத் தெரிகிறது இன்னொருவருக்குத் தெரியாது.

உலக நாவல் நமக்கு எட்டாது என்கிற பேச்சையும் விட்டுவிட வேண்டும். விக்டர் ஹ்யூகோவின் பெரிய நாவலைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். அதை 1950இல் நம் கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோ படமாக எடுத்தது. அதில் ஜாவர் வேடம் போட்ட சீதாராமனுக்குக் கடைசிவரை ஜாவர் சீதாராமன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பிரெஞ்சு நாவலின் போலீஸ்காரர் பெயர் நம் ஜனங்களின் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது! 1942இல் 'நாகம்மாள்' எழுதிக் கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்த ஆர். சண்முகசுந்தரம்தான் வங்காளத்துப் 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழுக்கும் கொண்டுவந்தார். தோட்டத்து வேப்பமரத்தடியிலிருந்து உலகம் அத்தனை தூரமில்லைங்க.

சரி, இப்போது நான் உண்மையில் எதற்கு வந்தேனோ அதைச் சொல்கிறேன். பேரூராட்சித் தலைவர் அம்மா கொஞ்சம் கேட்க வேண்டும். டால்ஸ்டாய் நாவலை நாற்பது பேர் தொடங்கினோம், கடைசி அத்தியாயத்தில் பதினான்கு பேர் இருந்தோம். போனவர்களை நான் வீடு தேடிப் போய்ப் பார்த்தேன். ஒருவர்கூட நாவல் கஷ்டம் என்று சொல்லவில்லை. "புத்தகம் கைக்கு வர்றதுக்குள்ள தவணை முடிஞ்சுருதுங்க" என்றார்கள். "ஷிப்ட் விட்டு வந்தா நூலகம் பூட்டியிருக்குதுங்க" என்றார்கள். இவ்வளவு பெரிய நாவலுக்கு இருந்தது ஒரே ஒரு செட். வீட்டில் டிவி ஓடும், குழந்தை அழும், ஒற்றை அறை. உட்கார்ந்து படிக்க ஒரு விளக்கும் மேசையும் இருந்தால் போதும் என்கிறவர்கள் அவர்கள். மூலையில் நின்ற தேர் அவர்கள். முட்டுக்கட்டையைச் சரியாக வைக்க ஆள் இல்லாமல் நின்றுவிட்டார்கள்.

சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகத்துக்கென்று சட்டம் வந்தது நம் மாகாணத்தில், 1948இல். அப்போது கல்வி அமைச்சர் யார்? திருப்பூரில் பிறந்த தி.சு. அவிநாசிலிங்கம் அவர்கள். தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு வழி செய்தவரும் அவரே. அந்தக் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிக்கும் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரனும் நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். அந்தச் சட்டத்தின்படி நாம் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் சேருகிறது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனி வரியாக இருக்கும். ஆகவே நாம் யாரிடமும் தானம் கேட்கவில்லை, கட்டியதைக் கேட்கிறோம். நூலகத் தந்தை ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்படுவதற்கே. அந்த விதிக்கு விளக்கம் எழுதும்போதே நூலகம் எந்நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதையும் பேசிவிட்டார்.

எங்கள் மனுவில் இரண்டே கோரிக்கை. வாசிப்பு அறை இரவு 9 மணி வரை திறந்திருக்க வேண்டும். வட்டம் தேர்ந்தெடுக்கிற ஒரு நாவலுக்கு வருடம் பத்து செட் வேண்டும். நூலகர் அம்மாவுக்கு இதில் எந்தக் குறையும் இல்லை. வேலை நேரம் முடிந்தபிறகும் எங்களுக்காகச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் அவர். ஒரே ஆள் எத்தனை நேரம் நிற்க முடியும்? கூட ஓர் ஆள் போட வேண்டும். அதுவரை ராத்திரி முறை வைத்துப் பார்த்துக்கொள்ள எங்களில் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேச நேரம் இல்லை, தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று. அடுத்த நாவல் தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்', நம் கோவைக் கவிஞர் புவியரசு மொழிபெயர்த்தது. அதிலும் அப்பன் சொத்து, அண்ணன் தம்பி வழக்கு, எல்லாம் உண்டு. மொய்க்கணக்கு ஐயா புது நோட்டு வாங்கிவிட்டார்.

வருகிற ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி, இதே வேப்பமரத்தடி. அந்த நோட்டு இப்போதே வாசல் மேசையில் இருக்கிறது, முதல் பக்கத்தில் ஊர், தகப்பனார், பெயர் போட்டு உங்களை எழுதிக்கொள்ளலாம். பக்கத்திலேயே மனு இருக்கிறது. பேனா கட்டிவைத்திருக்கிறோம். தலைவர் அம்மா முதல் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.