சின்னவன் விளக்கை ஊதாத அந்த ஒரு சாயங்காலம்

வணக்கம் மக்களே! காவடி முடிந்து வீடு இப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. பின்னால் தெரிகிற துணிமூட்டையைக் கண்டுகொள்ளாதீர்கள். எல்லாம் பிங்க். மொரீஷியஸில் காவடி என்றாலே பிங்க்தான், பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். சின்னவன் தூங்குகிறான், அதனால் குரலை இறக்கித்தான் பேசணும். ஆனால் விஷயம் கத்திச் சொல்ல வேண்டிய விஷயம்.

கொடியேற்றத்தன்று கோயிலில் ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ காவடி எடுக்கவில்லையா? பிள்ளைகளோடு வீட்டில்தானே இருக்கிறாய், சாமிக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கக்கூடாதா?" இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில்தான் கேட்டார். எந்த மொழியில் கேட்டாலும் சுருக்கென்றுதானே இருக்கும்! பத்து நாள் விரதச் சமையல் யார் செய்தது? வீட்டுக்காரருக்கும் அத்தைக்கும் ஒரு அடுப்பு, காரம் இல்லாமல் குழைத்துப் பிசையப் பிள்ளைகளுக்கு இன்னொரு அடுப்பு. அதெல்லாம் கணக்கில் வராதாம்.

சரி, நல்ல சேதி சொல்கிறேன். சின்னவனுக்குப் பிறந்தநாள் கொண்டாடியதிலிருந்து, நெருப்பைக் கண்டால் அது கேக் என்று முடிவு கட்டிவிட்டான். சாயங்காலம் நான் குத்துவிளக்கு ஏற்ற வேண்டியது, அவன் "ஆப்பி பத்தே" என்று பாடி, உதட்டைக் குவித்து, எச்சில் தெறிக்க ஊத வேண்டியது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொள்வார். விளக்கை மேல் தட்டில் வைத்தேன், நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். கடைசியில் பூஜை மணியை அவன் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் மணியைப் பிடித்து ஆட்டினால் உடம்பே சேர்ந்து ஆடுகிறது, ஊதுவதற்கு மூச்சு ஏது? விரதத்தின் நடுவில் ஒரு சாயங்காலம் விளக்கு அவன் முன்னாலேயே முழுசாக எரிந்தது மக்களே! வீட்டுக்காரருக்கு வாய்ஸ் நோட்டே அனுப்பினேன். மறுநாள் ஊதிவிட்டான், அது வேறு கதை.

அந்த மணிச் சத்தத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் பிள்ளைத்தமிழ் ஞாபகம் வந்தது, சாமியையோ பெரியவர்களையோ குழந்தையாக நினைத்துப் பருவம் பருவமாகப் பாடுகிற பாட்டு. நான் எம்.ஏ. தமிழ் என்று சொல்லியிருக்கிறேனே, அப்போது பத்துப் பருவத்தையும் மார்க்குக்காக மனப்பாடம் செய்தவள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, அப்புறம் ஆண்பிள்ளை என்றால் சிற்றில், சிறுபறை, சிறுதேர். இப்போது பார்த்தால் எல்லாம் என் வீட்டு ஹாலில் நடக்கிறது. செங்கீரை என்றால் குழந்தை கையை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடுவது. சிற்றில் என்றால் பெண்பிள்ளைகள் கட்டிய மணல்வீட்டை மிதிக்காதே என்று கெஞ்சுவது. பெரியவள் பிளாக் அடுக்கி வைக்க, சின்னவன் காலால் எத்த, அவள் அலற, தினமும் இதுதான்! அம்புலியில் புலவர்கள் நிலாவிடமே சாம, தான, பேத, தண்டம் நாலையும் காட்டுவார்கள், குழந்தையோடு விளையாட வா என்று. நான் அந்த நாலையும் ஒரு வாய் பருப்புச் சாதத்துக்குக் காட்டுகிறேன், தண்டம் மட்டும் வாயளவில்தான்.

பெரியாழ்வார் யசோதையாக மாறிக் கண்ணனைக் குளிக்கக் கூப்பிட்டார், தலை வாரிவிட்டார், காது குத்த வரச் சொன்னார். அதெல்லாம் பக்தி என்றால், பேன் சீப்போடு நான் வீடெல்லாம் ஓடுவது மட்டும் என்னவாம்? முன்பு விடியற்காலையில் குளித்து, கவசம் சொல்லி, ஒரு மணி நேரம் பூஜை செய்வேன், அந்த ரொட்டீன் வீடியோவை இன்னும் பலர் பார்க்கிறீர்கள். அப்போது பாதி நேரம் மனசு கடைச் சாமான் லிஸ்டில்தான் இருக்கும். இப்போது நெற்றியில் திருநீறு இடும்போது அவன் அதை நக்கிவிடாமல் பார்க்க வேண்டும், கவனம் சிதறவே வழியில்லை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. யார் என்ன சொன்னாலும் சரி.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன், சின்னவன் பால் குடிக்கிற ஸ்ட்ரா கப்! காவடியன்று வீட்டுக்காரர் செம்பில் பால் கட்டிக் காவடி எடுத்தார், நாங்கள் பின்னால் வெயிலில் வெறுங்காலோடு. கோயில் போய்ச் சேரும்வரை அந்தப் பால் திரியாது என்று இங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. என் பையில் இருந்த கப் பால் பாதி வழியிலேயே புளித்து, என் பிங்க் புடவையில் வழிந்தது. காரணம், ஸ்ட்ராவின் அடியில் இருக்கிற குட்டி சிலிகோன் வால்வு காணாமல் போயிருந்தது. கடையில் கேட்டால் வால்வு தனியாகக் கிடையாதாம், முழுக் கப்பும் வாங்கணுமாம், 385 ரூபாய்! ஒரு கடலைப்பருப்பு அளவு ரப்பருக்கு! கோபத்தில் வாங்காமலே வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காத்ர் போர்ன் சந்தையில் அதே மாதிரி கப் 75 ரூபாய். நான் பேரம் பேசுகிற நேரத்தில் பெரியவள் 25 ரூபாய் நோட்டில் இருக்கிற தமிழை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். இங்கே நோட்டில் தமிழும் உண்டு, தெரியும்தானே? 'இரு' வரை வந்துவிட்டாள்.

ஆனால் அந்தச் சந்தைக் கப்பின் மூடி நேற்றே விரிசல் விட்டுவிட்டது. கியூர்பிப் பக்கம் வால்வை மட்டும் தனியாக விற்கிற கடை தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள். இதோ, சிணுங்குகிறான். காவடி முடிந்து சாப்பிடுகிற ஏழு கறி வீடியோ அடுத்தது, பை!