டி 63, எஃப் 51: பாரிஸில் நம்மவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பாரிஸ் பாராலிம்பிக் பற்றிப் பேச முடியுமா என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டதும் உடனே சரி என்று சொல்லிவிட்டேன். உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலத்திலிருந்தே மாற்றுத்திறனாளி வீரர்களின் போட்டிகளை விடாமல் கவனித்து வருகிறேன். அதைப் பற்றிப் பேச இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2024இல் பாரிஸுக்கு இந்தியாவிலிருந்து 84 பேர் போனார்கள். வந்த பதக்கங்கள் 29. அதில் 7 தங்கம், 9 வெள்ளி, 13 வெண்கலம். பட்டியலில் 18ஆவது இடம். இதன் அருமை தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1968இல் டெல் அவிவ் போட்டிக்குத்தான் இந்திய அணி முதன்முதலாகப் போனது. அங்கே தொடங்கி 2016 ரியோ வரைக்கும், கிட்டத்தட்ட அரை நூற்றாண்டில், நாம் வாங்கியவை மொத்தமே 12 பதக்கங்கள். 2008 பெய்ஜிங்கில் ஒன்றுகூடக் கிடையாது. 2012 லண்டனில் ஒன்றே ஒன்று. ரியோவில் நான்கு. அப்புறம் டோக்கியோவில் 19, பாரிஸில் 29.

முதல் தங்கம் யாருடையது தெரியுமா? முர்லிகாந்த் பெட்கர். 1965 போரில் குண்டடிபட்ட ராணுவ வீரர். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் 50 மீட்டர் நீச்சலில் முதலாவதாக வந்தார். அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது 2018இல்! நடுவில் 46 வருடம் போய்விட்டது.

சரி, பாரிஸுக்கு வருவோம். பதக்க எண்ணிக்கையை எல்லோரும் சொல்லியாயிற்று. நான் சொல்ல வந்தது வேறு. உயரம் தாண்டும் வீரர், நம் ஊர் மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி, சின்ன வயதில் பேருந்து ஏறிக் கால் நசுங்கியது, அம்மா காய்கறி விற்றார், இதெல்லாம் மனப்பாடம். ‘ரியோவில் எவ்வளவு உயரம் தாண்டினார்?’ என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவர் சொன்னால் அதிகம். 1.89 மீட்டர்! நம் ஊரில் சராசரி உயரமுள்ள ஆள் நிமிர்ந்து நின்றால், அவர் தலைக்கு மேலே போகும் உயரம். அவருடைய கஷ்டம் நமக்குத் தெரிகிறது, அவருடைய விளையாட்டு தெரியவில்லை. இதைத்தான் நான் எங்கே போனாலும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: விளையாட்டைப் பாருங்கள்.

அதைப் பார்க்க ஒரே ஒரு விஷயம் புரிந்தால் போதும். போட்டியின் பெயருக்குப் பக்கத்தில் டி 63, எஃப் 51 என்று ஏதோ எழுதியிருக்கும், கவனித்திருப்பீர்கள். தடகளத்தில் டி என்றால் ஓட்டமும் தாண்டுதலும். எஃப் என்றால் எறிதல். எண்ணின் முதல் இலக்கம் எந்த வகைக் குறைபாடு என்று சொல்லும். 11 முதல் 13 வரை பார்வைக் குறைபாடு. 40, 41 குள்ளமான உடல்வாகு. 50களில் உட்கார்ந்தபடி போட்டியிடுபவர்கள். 60களில் செயற்கைக் கால் பொருத்தியவர்கள். ஒரு வரிசைக்குள் எண் குறையக் குறைய பாதிப்பு அதிகம். அவ்வளவுதான். பேனாவும் காகிதமும் வேண்டாம், சின்ன எண்ணென்றால் பெரிய பாதிப்பு என்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

இந்த எண்ணை வீரரே எழுதிக்கொள்ள முடியாது. மருத்துவமும் விளையாட்டும் தெரிந்த குழு உட்கார்ந்து பரிசோதித்துக் கொடுக்கிறது. அதில் கறார் என்றால் அப்படியொரு கறார். டோக்கியோவில் வட்டு எறிதலில் நம் வீரர் ஒருவர் வெண்கலம் வென்றார். வகைப்பாட்டில் ஆட்சேபம் எழுந்தது. அவரை எந்தப் பிரிவிலும் சேர்க்க முடியவில்லை என்று குழு முடிவு செய்து, பதக்கம் போயே போய்விட்டது. நமக்கு வலித்தது உண்மை. ஆனால் அந்தக் கறார் இருப்பதால்தான் மீதி 19 பதக்கத்துக்கும் மதிப்பு.

இப்போது உயரம் தாண்டுதல். எனக்கு மிகவும் பிடித்த போட்டி. மாரியப்பன் தாண்டுவது டி 63இல். அங்கே செயற்கைக் கால் போட்டுக்கொண்டு தாண்டுபவர்களும், அது இல்லாமல் தாண்டுபவர்களும் ஒன்றாகவே போட்டியிடுகிறார்கள். ரியோவில் மாரியப்பனுக்குத் தங்கம். டோக்கியோவில் என்ன நடந்தது தெரியுமா? 2021 ஆகஸ்ட் 31. முதலில் தூறல். கம்பு 1.80ஐத் தாண்டி ஏற ஏற மழையும் வலுத்தது. மாரியப்பனுக்குப் பாதிக்கப்பட்ட வலது காலில் ஒரு காலுறைதான். அது நனைந்து ஊறிவிட்டது. ஓடி வந்து எம்ப வேண்டியவனுக்குக் காலில் நனைந்த துணி ஒட்டிக்கொண்டால் எப்படி இருக்கும், கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஈரத் தரையில் வழுக்கிய அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. அந்த ஈரத்திலும் 1.86 தாண்டினார். அடுத்து 1.88. முதல் இரண்டு முயற்சியில் மாரியப்பனாலும் முடியவில்லை, அமெரிக்காவின் சாம் கிரூவாலும் முடியவில்லை. மூன்றாவது முயற்சியில் கிரூ தாண்டிவிட்டார். மாரியப்பனால் முடியவில்லை. வெள்ளி. மழைதான் கெடுத்தது என்று பிறகு அவரே சொன்னார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த டோக்கியோவில் தொடக்க விழாவில் தேசியக்கொடி பிடித்துப் போக வேண்டியவர் அவர்தான். விமானத்தில் கொரோனா தொற்று இருந்த ஒருவருக்கு அருகில் இருந்தார் என்று தனிமைப்படுத்திவிட்டார்கள். கொடி வேறொருவர் கைக்குப் போனது. அந்த ஏமாற்றத்தோடு போய்த்தான் மழையில் 1.86 தாண்டினார்.

பாரிஸில் 1.85, வெண்கலம். ‘தங்கத்திலிருந்து வெண்கலத்துக்கு இறங்கிவிட்டாரே’ என்று சிலர் சொன்னார்கள். அய்யா, தங்கம் வாங்கிய எஸ்ரா ஃப்ரெச் தாண்டியது 1.94. வெள்ளி நம் சரத்குமாருக்கு, 1.88. லண்டனில் உயரம் தாண்டுதலில் நம் கிரிஷா 1.74 தாண்டி வெள்ளி வாங்கினார். போட்டியே அவ்வளவு தூரம் ஏறிவிட்டது! அதில் மூன்று பாராலிம்பிக்கில் தொடர்ந்து மேடை ஏறுகிறார் ஒருவர் என்றால், அதை இறக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, எத்தனை பேர் பார்த்தீர்கள் என்று தெரியவில்லை, கிளப் எறிதல். ஒலிம்பிக்கில் கிடையாது, பாராலிம்பிக்கில் மட்டும்தான். நம் ஊர் கர்லாக் கட்டையைக் குட்டியாக்கியது மாதிரி ஒரு மரக்கட்டை, எடை 400 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. எஃப் 51 என்றால் உட்கார்ந்து எறிபவர்களிலேயே பாதிப்பு மிக அதிகமானவர்கள். இருக்கையோடு பட்டை போட்டுக் கட்டிவிடுவார்கள். இடுப்பும் காலும் உதவாது, விரல்களிலும் பிடிமானம் குறைவு. ஒருவரைக் கட்டி உட்கார வைக்க நேரமாகும் என்பதால் எல்லா எறிகளையும் தொடர்ந்து எறிந்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். இடையில் எழுந்துபோய்ப் பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டு வர வழியில்லை.

ஹரியானாவின் தரம்பீர் உட்கார்ந்தார். முதல் எறி தவறு. இரண்டாவது தவறு. மூன்றாவது, நான்காவது, அதுவும் தவறு. நான்கு எறி எறிந்தும் கணக்கில் ஒன்றும் இல்லை. இன்னும் இரண்டுதான் பாக்கி. ஐந்தாவது எறி 34.92 மீட்டர், ஆசிய சாதனை, தங்கம்! வெள்ளியும் நமக்கே, பிரணவ் சூர்மா, 34.59. அதே இறுதிப் போட்டியில் எறிந்த இன்னொரு இந்தியர் அமித் சரோஹா. தரம்பீருக்கு இந்தக் கட்டையை எறியக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அன்று அவருக்குக் கடைசி இடம். குரு கடைசி, சிஷ்யன் முதல், இருவரும் ஒரே களத்தில். ஒரே போட்டியில் இரண்டு பதக்கம் வந்த அன்றைக்கு நம் வீடுகளில் எத்தனை தொலைக்காட்சியில் அது ஓடியது?

பேட்மின்டனில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் பதக்கம் வாங்கினார்கள். காஞ்சிபுரம் துளசிமதி வெள்ளி, திருவள்ளூர் மனிஷா வெண்கலம், ஓசூர் நித்யஸ்ரீ வெண்கலம். துளசிமதியும் மனிஷாவும் எஸ்.யு. 5 என்ற பிரிவு, கையில் பாதிப்பு உள்ளவர்கள். ராக்கெட் பிடிக்காத கை எதற்கு என்று நினைப்பீர்கள். பின்னால் துள்ளி ஸ்மாஷ் அடிக்கும்போது உடம்பைச் சரியாமல் நிறுத்துவது அந்தக் கைதான். அது ஒத்துழைக்காமல் ஆடுகிறார்கள். அரையிறுதியில் இந்த இருவருமே மோதிக்கொண்டார்கள். முதல் ஆட்டம் 23-21 வரை போனது. துளசிமதி ஜெயித்து இறுதிக்குப் போனார். உலக மேடையின் அரையிறுதியில் வலைக்கு இரண்டு பக்கமும் தமிழ்ப் பெண்கள்! நிதேஷ் குமாரின் தங்கம் எஸ்.எல். 3இல் வந்தது, காலில் பாதிப்பு உள்ளவர்களின் பிரிவு. அங்கே ஒற்றையர் ஆட்டம் பாதி ஆடுகளத்தில்தான். பாதி என்றால் சுலபம் என்று நினைக்க வேண்டாம், காலியிடமே இல்லாத களத்தில் புள்ளி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். இறுதிப் போட்டியில் மூன்றாவது ஆட்டத்தை அவர் ஜெயித்தது 23-21.

வில்வித்தையில் ஷீத்தல் தேவியைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். கைகளே இல்லாமல் காலால் வில்லைப் பிடித்து எய்யும் பெண். பார்வை குன்றிய சிம்ரனோடு கூடவே ஓடிய வழிகாட்டி ஓட்டக்காரர் அபய் சிங்கைப் பற்றியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிறது என்று கை காட்டுகிறார்கள். இன்னொரு நாள் பேசலாம்.

இதை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன், உடற்கல்வி ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கு. பள்ளி விளையாட்டு விழாவில் கால் சரியில்லாத பிள்ளையைத் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அந்தப் பிள்ளை கையில் ஒரு குண்டைக் கொடுங்கள், ஓர் ஈட்டியைக் கொடுங்கள். முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, மாவட்ட அளவிலேயே தொடங்குகிறது. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்து, பெயரைப் பதிந்துவிடுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பாராலிம்பிக் 2028 ஆகஸ்ட் 15ஆம் தேதி தொடங்குகிறது.

வணக்கம்.