அந்த ஒரு கையெழுத்து நிலைத்திருந்தால்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "கிரேக்கமும் இத்தாலியும் 19ஆம் நூற்றாண்டிலேயே குடியரசுகளாக நிலைத்திருக்க முடியுமா?" என்பது தலைப்பு. முடியும் என்பது எங்கள் அணி.

"அந்த மக்கள் மன்னராட்சிக்குப் பழகியவர்கள், குடியரசு அவர்களுக்கு ஒட்டவில்லை" என்றார் எதிரணி நண்பர். கிரேக்கர்களுக்கு மன்னரைக் கொடுத்தது யார் ஐயா? 1822இல் எபிடாரஸில் அவர்களே எழுதிய அரசியல் சட்டத்தில் மன்னருக்கு இடமே இல்லை. 1832இல் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, பவேரியா நான்கும் லண்டனில் கையெழுத்திட்டு, 16 வயது பவேரிய இளவரசர் ஓட்டோவைக் கிரேக்க மன்னராக்கின. கிரேக்கர் ஒருவர்கூட அதில் கையெழுத்திடவில்லை. தங்கள் ஆட்சித் தலைவர் கப்போதிஸ்திரியாஸை 1831இல் கிரேக்கர்களே கொன்றார்கள். நான் அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் காயத்துக்கு மருந்து, வெளியூரிலிருந்து வந்த ஒரு சிறுவனா?

சரி, ரோமுக்கு வருவோம். என் வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அதுவரை ரோமை ஆண்ட திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் ஊரை விட்டு வெளியேறிய பிறகு, ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை தந்து தேர்தல் நடந்தது. வென்று வந்த சபை 1849 பிப்ரவரி 9 அன்று தூய மக்களாட்சியை அறிவித்து, 'ரோமக் குடியரசு' என்ற பழம்பெரும் பெயரை மீண்டும் சூட்டிக்கொண்டது. அதை ஒழிக்கப் படை அனுப்பியது யார் தெரியுமா? இன்னொரு குடியரசு! "எந்த மக்களின் விடுதலைக்கு எதிராகவும் படையை ஏவ மாட்டோம்" என்று 1848இல்தான் தன் அரசியல் சட்டத்தில் எழுதிவைத்த பிரான்ஸ்.

ஏப்ரல் 30 அன்று குடியரசின் படைத்தலைவர் கரிபால்டியின் வீரர்கள் அந்தப் படையை விரட்டினார்கள். துரத்திப் போக அவர் துடித்தார். குடியரசை நடத்திய தலைவர்களில் ஒருவரான மாஜினி தடுத்துவிட்டார். பிடிபட்ட பிரெஞ்சுக்காரர்களையும் விடுவித்தார். அதை ஏமாளித்தனம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மே 31 அன்று பிரெஞ்சுத் தூதர் லெசெப்ஸ், பின்னாளில் சூயஸ் கால்வாய் வெட்டினாரே அவர்தான், ரோமோடு உடன்பாட்டில் கையெழுத்திட்டார். பிரெஞ்சுப் படை நட்புப் படையாக மதிலுக்கு வெளியே நிற்கும், நாட்டைக் காக்கத் துணை செய்யும். எவ்வளவு பெரிய வாய்ப்பு!

பாரீஸ் அதைக் கிழித்தெறிந்தது. ஜூன் 4 வரை நகரைத் தாக்க மாட்டேன் என்ற பிரெஞ்சுத் தளபதி ஊதினோ, 3ஆம் தேதி விடியுமுன்பே மதிலுக்கு வெளியே இருந்த காவல் நிலைகள் மேல் பாய்ந்தார்.

"பிரான்ஸ் விட்டிருந்தாலும் ஆஸ்திரியா விட்டிருக்காது" என்பார்கள். வடக்கே பொலோனியா வரை ஆஸ்திரியப் படை வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் பிரெஞ்சுப் படை துணை நிற்கிற நகரத்தின் மேல் ஆஸ்திரியா அவ்வளவு எளிதில் கைவைத்திருக்குமா? ஆஸ்திரியாவை எதிர்த்து ஆகஸ்ட் வரை தனியாகப் போராடிய வெனிஸ் குடியரசுக்கும் ஒரு தோழமை கிடைத்திருக்கும். இத்தாலி குடியரசாக 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

ஜூலை 3 அன்று பிரெஞ்சுப் படை ஊருக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. அதே நாளில் கேப்பிடல் குன்றில் அந்தச் சபை, மரண தண்டனையை ஒழித்த தன் அரசியல் சட்டத்தை மக்களுக்கு அறிவிக்கிறது. ஜூன் 3 மோதலில் காயம்பட்ட கவிஞர் மமேலி ஜூலை 6 அன்று இறந்தார். அவருக்கு வயது 21. இன்றைய இத்தாலியின் தேசியகீதம் அவர் எழுதியது.

அந்த மக்களுக்குக் குடியரசு ஒட்டவில்லை என்கிறீர்களே, அப்படியானால் ஒரு மாதம் அந்த மதில்களில் உயிரைக் கொடுத்து நின்றவர்கள் யார்? எதிரணியில் அடுத்துப் பேசுபவர் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.