சிவப்பே இல்லாத சிவப்பு

நண்பர்களே, வணக்கம். முன்வரிசையில் இரண்டு துணிகளைக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் 'அஜ்ரக்' என்ற பெயரில் விற்பவை. கை மாறிக் கை மாறிக் கடைசி வரிசை வரை போகட்டும்.

அஜ்ரக் என்பது மரக்கட்டையால் அச்சிட்டுச் சிவப்பும் நீலமும் ஏற்றிய துணி. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இந்தத் துணி படாத பாடு படும். தோளில் துண்டு, தலையில் பாகை, பிள்ளைக்குத் தூளி, கட்டிலுக்கு விரிப்பு. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குப் போர்த்தும் மரியாதையும் அதுவே. நாம் போர்த்தும் பொன்னாடை அன்று இரவே பீரோவுக்குள் போய்விடும். அஜ்ரக் மறுநாள் காலையில் தோளில் இருக்கும்.

மொகஞ்சதாரோவின் 'பூசாரி அரசன்' சிலை போர்த்தியிருக்கும் மூவிதழ்ப் பூச்சால்வை அஜ்ரக்தான் என்பார்கள். நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதே ஊரில், ஒரு வெள்ளிக் கலயத்தில் ஒட்டியிருந்த பருத்தித் துணுக்கில், அஜ்ரக்கின் சிவப்புக்கு மூலமான மஞ்சிட்டி வேரின் சாயம் இருந்தது. எனக்கு அது போதும்.

அரபியில் 'அஸ்ரக்' என்றால் நீலம். பெயர் அதிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. அச்சுக்காரர்கள் சொல்வது வேறு: 'ஆஜ் ரக்', அதாவது 'இன்றைக்கு வை'. மொழியறிஞர்கள் சிரிப்பார்கள். பட்டறை வேலையை அறிந்தவர் சிரிக்க மாட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் துவைத்து, உலர்த்தி, காத்திருக்க வேண்டும். ஒரு துணி முடியப் பல வாரங்கள் ஆகும்.

இதில் என்னை மயக்கியது ஒன்றுதான். இந்தத் துணியில் அவ்வளவு சிவப்பும் நீலமும் இருக்கின்றனவே, அச்சுக்கட்டை அந்த இரண்டு சாயத்தையும் தொடுவதே இல்லை!

துணியை முதலில் கடுக்காய் நீரில் ஊறவைக்கிறார்கள். வெள்ளையாக நிற்க வேண்டிய கோடுகளில் சுண்ணாம்பும் கோந்தும் கலந்த பசையை ஒற்றுகிறார்கள். பழைய இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் ஊறவைத்த துருநீரைப் புளியங்கொட்டை மாவில் குழைத்து ஒற்றினால், கடுக்காய் பட்ட துணியில் அது கறுக்கிறது. கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சிய நம் தாத்தாக்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இருந்திருக்காது.

சிவப்பு வர வேண்டிய இடத்தில் ஒற்றுவது படிகாரப் பசை. அதன்மேல் களிமண் பசையைப் பூசி, பொடி தூவி மூடிவிட்டு, துணியை அவுரித் தொட்டியில் முக்குகிறார்கள். வெளியே எடுக்கும்போது துணி மஞ்சள் பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நீலமாகிறது. பிறகு நன்றாக அலசி, மஞ்சிட்டி கொதிக்கும் அண்டாவில் போடுகிறார்கள். எங்கெல்லாம் படிகாரம் பதுங்கியிருந்ததோ அங்கெல்லாம் சிவப்பு பற்றிக்கொள்கிறது. சாயம் எங்கே உட்கார வேண்டும், எங்கே உட்காரக் கூடாது என்பதைத்தான் கட்டை அச்சிட்டிருக்கிறது.

ஊறவைப்பது, முக்குவது, அலசுவது, எல்லாமே தண்ணீரில்தான். ஆகவே தண்ணீர் கெட்டால் தொழிலும் கெட்டது. சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் சிந்துவிலிருந்து குஜராத்தின் கட்ச் பகுதிக்கு வந்து குடியேறிய கத்ரி என்ற சாயத்தொழில் சமூகக் குடும்பங்கள் தமட்கா என்ற ஊரில் இதே வேலையைச் செய்துவந்தன. 2001 ஜனவரி 26 நிலநடுக்கம் ஊரைத் தரைமட்டமாக்கியது. வீட்டைத் திரும்பக் கட்டலாம். நிலத்தடி நீரில் இரும்பு கூடிப்போனதை என்ன செய்வது? கறுப்பைக் கொடுத்த அதே இரும்பு, தண்ணீரில் இருந்தால் சிவப்பை மங்கலாக்கிவிடும். பலர் புஜ் நகருக்கு அருகே புதிதாக ஓர் ஊரை அமைத்துக்கொண்டார்கள். அதற்குத் தொழிலின் பெயரையே வைத்தார்கள்: அஜ்ரக்பூர்.

இருபுறமும் அச்சிட்ட அஜ்ரக் உண்டு. ஒரு பக்கத்துக் கோட்டின் முதுகிலேயே மறுபக்கத்துக் கோடு விழ வேண்டும். விடியுமுன் இருட்டில் எழுந்து ஆடு மாடு ஓட்டிப் போகிறவர் எந்தப் பக்கம் போர்த்தினாலும் சரியாக இருக்கட்டும் என்று இப்படிச் செய்ததாகச் சொல்வார்கள்.

துணிகள் நடுவரிசைக்குப் போய்விட்டன போலிருக்கிறது. ஒன்று இப்படி இருபுறமும் கையால் ஒற்றியது. இன்னொன்று இயந்திரத்தில் அச்சிட்ட பாலியெஸ்டர். எது எது என்று நான் சொல்லப்போவதில்லை. திருப்பிப் பாருங்கள்.