பேர் தெரியாத ஒரு முத்து காமிக்ஸ்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். முத்து காமிக்ஸ், அதாவது சிவகாசியிலேர்ந்து வந்த படக்கதைப் புத்தகங்க, அதோட பழைய இதழ்களைத் தேடிச் சேர்க்கிறதைப் பத்தி பேசணும்னு கூப்பிட்டாங்க, ரொம்ப சந்தோஷமா வந்திருக்கேன்.

எனக்குக் கிடைச்ச முதல் முத்து காமிக்ஸுக்கு பேரே கிடையாது. அட்டை இல்ல, முதல் எட்டு பக்கம் இல்ல. ஒன்பதாம் பக்கத்துலதான் கதையே ஆரம்பிக்கும். ஒரு ரூம், ஆளே இல்ல, டெலிபோன் ரிசீவர் மட்டும் அந்தரத்துல தூக்கி நிக்குது, அதைப் பிடிச்சிருக்கிறது ஒரு இரும்புக் கை. எனக்கு அப்போ ஒன்பது வயசு, சித்தப்பா படிச்சு வச்சிருந்த புக் அது. அந்த எட்டு பக்கத்துல என்ன சித்தப்பா இருந்துச்சுன்னு கேட்டேன். மாயாவி ஒரு கப்பல்லேர்ந்து ராத்திரியில கடல்ல குதிச்சு, நீந்தி வந்து, கரையில ஒரு கம்பத்துல இருந்த கரன்ட் வயரைத் தொட்டாருடா, அதான் இப்ப அவரு உன் கண்ணுக்குத் தெரியலன்னு சொன்னாரு. பல வருஷம் எனக்கு அந்தக் கதை அப்படித்தான் ஆரம்பிச்சுது.

இரும்புக்கை மாயாவி யாருன்னு தெரியாத சின்னவங்களுக்காக கொஞ்சம் சொல்றேன். லேப்ல நடந்த விபத்துல வலது கையை இழந்தவரு லூயி கிராண்டல். அந்த இடத்துல இரும்புக் கை பொருத்துறாங்க. உடம்புல பெரிய அளவுல மின்சாரம் பாஞ்சா உடம்பு மறைஞ்சிடும், கை மட்டும் மறையாது. எனக்குத் தெரிஞ்சு இவ்வளவு அழகான பலவீனம் வேற எந்த ஹீரோவுக்கும் கிடையாது, முழுசா மறைய முடியாத மாயாவி! இது இங்கிலாந்துல 1962ல வேலியன்ட்ங்கிற வாரப் பத்திரிகையில ஆரம்பிச்ச தொடர், ஸ்பெயின்காரர் ஹெசுஸ் பிளாஸ்கோ வரைஞ்சது. அதையே 1972ல சிவகாசியிலேர்ந்து சௌந்திரபாண்டியன் அவர்கள் தமிழ்ல கொண்டு வந்தாரு, முத்து காமிக்ஸோட முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். அங்க வாரா வாரம் ரெண்டு பக்கமா வந்தது இங்க ஒரே புக்கா, முழுக்கதையா வந்துச்சு. கவனிச்சுப் பாத்தீங்கன்னா ஒரு ரெண்டு மூணு பக்கத்துக்கு ஒருதடவை மாயாவி எதுலயாவது வசமா மாட்டிக்குவாரு, அங்கதான் அந்த வாரம் முடிஞ்சிருக்கும். நாம ஒரே மூச்சுல படிக்கிறப்போ அதுதான் நம்மளைக் கீழ வைக்கவிடாம இழுக்குது.

சரி, இப்ப ஏன் கிடைக்க மாட்டேங்குது? எல்லாரும் நினைக்கிறது பழசுங்கறதால கிடைக்கலன்னு. எனக்கு அப்படித் தோணல. அதே வயசுல உள்ள பக்திப் புத்தகமும் ஜாதகப் புத்தகமும் எல்லா வீட்டு அலமாரியிலயும் இருக்கு. காமிக்ஸ் தீர்ந்துபோனதுக்குக் காரணம் அதை எல்லாரும் படிச்சதுதான். ஒரு புக்கை ஒரு தெருப் பசங்க எல்லாம் படிப்பாங்க, ஸ்கூல் பையில மடிச்சு வச்சு, பாடப் புத்தகத்துக்கு உள்ள ஒளிச்சு வச்சு, சாப்பிட்டுக்கிட்டே படிச்சு, கடைசியில பரீட்சைல மார்க் குறைஞ்சா அப்பா முதல்ல கை வைக்கிறதே அந்தக் கட்டு மேலதான், நேரா பழைய பேப்பர் கடை, எடைக்கு எடை, அங்கேர்ந்து கடலைப் பொட்டலம். அதிலயும் என் அனுபவத்துல தடியான தீபாவளி ஸ்பெஷல், முதல் இதழ் இதையெல்லாம் யாராவது ஒருத்தர் ஆசையா எடுத்து வச்சிருப்பாரு. எந்த விசேஷமும் இல்லாம நடுவுல வந்த சாதா இதழ் இருக்கு பாருங்க, அதை யாரும் எடுத்து வைக்கல. சேர்க்கிறவங்க லிஸ்ட்ல ஓட்டை விழறது எப்பவும் அங்கதான்.

தேடுற இடங்களைப் பத்தி கேப்பாங்க. சென்னைன்னா அந்தக் காலத்துல மூர் மார்க்கெட், 1985ல எரிஞ்சு போச்சு, எனக்குப் போகக் கொடுத்து வைக்கல, பெரியவங்க சொல்லித்தான் தெரியும். அப்புறம் திருவல்லிக்கேணி பிளாட்பாரக் கடைங்க, கோயம்புத்தூர்ல உக்கடம் பழைய புத்தகக் கடைங்க. இதைவிட முக்கியம் மூடப்போற லெண்டிங் லைப்ரரி. அங்க கிடைக்கிற புக்ல சீல் அடிச்சிருக்கும், ஓரம் தேஞ்சிருக்கும், ஆனா பக்கம் பெரும்பாலும் முழுசா இருக்கும், ஏன்னா திருப்பிக் கொடுக்கிறப்போ அவங்க எண்ணிப் பாத்து வாங்குவாங்க.

புதுசா ஆரம்பிக்கிறவங்க ரெண்டு இடத்துல ஏமாந்துபோறாங்க. ஒண்ணு மாயாவிங்கிற பேரு. முத்துவுல மாயாவின்னா இரும்புக்கை, ராணி காமிக்ஸ்ங்கிற இன்னொரு தமிழ் காமிக்ஸ்ல மாயாவின்னா முகமூடி போட்ட காட்டு வீரரு, அதாவது இங்கிலீஷ்ல ஃபேன்டம், வேற புக்ல வேதாளர். போன்ல பேசி மாயாவி இதழ் இருக்குன்னு பணத்தை அனுப்பிட்டு, பார்சலைப் பிரிச்சா ராணி காமிக்ஸ் இருக்கும். ராணி காமிக்ஸும் எனக்கு உசிருதான், அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன், ஆனா கேட்டது அது இல்லையே. இன்னொண்ணு மறுபதிப்பு. முத்துவோட நல்ல கதைங்க எல்லாம் பின்னாடி காமிக்ஸ் கிளாசிக்ஸ்ங்கிற பேர்லயும் வேற மாதிரியும் திரும்ப வந்துச்சு. கதை ஒண்ணுதான், ஒரிஜினல்னு சொல்லி யாராவது வித்தா புக்ல அச்சடிச்சிருக்கிற விலையைப் பாருங்க, இதழ் நம்பரைப் பாருங்க, பின்னட்டைல வர்ற விளம்பரத்தைப் பாருங்க, "அடுத்த வெளியீடு"ன்னு என்ன போட்டிருக்குன்னு பாருங்க. அட்டை பொய் சொன்னாலும் அடுத்த வெளியீடு பொய் சொல்லாது. படிக்கிறதுக்காகன்னா மறுபதிப்பே தாராளமா போதும், அதை வாங்கிப் படிங்க, அதனாலதான் இன்னைக்கும் புக் வந்துக்கிட்டிருக்கு.

பைண்டிங் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். அக்கறையா வச்சிருந்த வீடுகள்ல அஞ்சாறு புக்கைச் சேத்து பைண்ட் பண்ணி வச்சிருப்பாங்க. அதனாலதான் அது இன்னிக்கு வரைக்கும் பொழச்சிருக்கு. ஆனா பைண்டர் அட்டையைக் கிழிச்சுட்டு, மூணு பக்கமும் கட்டிங் போடுவாரு, மேல இருக்கிற வசன பலூன்ல பாதி எழுத்து போயிடும். இப்ப சில பேர் அந்த வால்யூமை வாங்கி, தனித்தனியா பிரிச்சு, ஒவ்வொண்ணா விக்கிறாங்க, அது எனக்கு நெஞ்சே வெடிக்கிற மாதிரி இருக்கு. நாப்பது அம்பது வருஷம் ஒரு வீட்டுல ஒண்ணா இருந்ததைப் பிரிக்காதீங்க, உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கறேன்.

வீட்டுல வச்சிருக்கிறவங்களுக்கு, இந்த நியூஸ்பிரின்ட் பேப்பர் மரக்கூழ்ல செஞ்சது, அதுல இருக்கிற லிக்னின் வெளிச்சமும் காத்தும் பட்டுப் பட்டு மஞ்சளாகி, அப்புறம் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால இருட்டா, ஈரமில்லாத இடம். கிழிஞ்சா செல்லோடேப் மட்டும் ஒட்டவே ஒட்டாதீங்க, அந்தப் பசை பேப்பருக்குள்ள இறங்கி பழுப்பாகி எழுத்தையே சாப்பிட்டுடும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடிச்சிருந்தா மெதுவா நிமித்தி எடுத்துடுங்க. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கு எந்த மருந்தைவிடவும் நல்லது மாசம் ஒருதடவை எடுத்துப் புரட்டறது.

இப்ப அந்தப் பேர் தெரியாத புக்குக்கு வர்றேன். ஒரு ஞாயித்துக்கிழமை திருவல்லிக்கேணி பிளாட்பாரத்துல ஒரு பைண்ட் வால்யூம், காலிகோ துணி ஒட்டின முதுகு, உள்ள மைப்பேனாவுல "தயவுசெய்து இரவல் கேட்காதீர்கள்"னு அழகான கையெழுத்து. அஞ்சு கதை. சும்மா புரட்டிக்கிட்டே வந்தேன், மூணாவது கதைல கை நின்னுடுச்சு. ஆளில்லாத ரூம், அந்தரத்துல ரிசீவர், இரும்புக் கை. பக்க நம்பர் ஒன்பது. அங்கேர்ந்து பின்னாடி திருப்பினேன், எட்டு, ஏழு, ஆறு. வெயில்ல நின்னுக்கிட்டே படிச்சேன், கடைக்காரர் ஸ்டூல் போட்டுக் கொடுத்தாரு. முதல் பக்கத்துல பேரும் இருந்துச்சு. அந்தப் பேரை நான் இங்க சொல்லப்போறதில்ல, ஏன்னா அதோட அட்டை இன்னும் எனக்குக் கிடைக்கல, தேடுற இதழோட பேரு வெளிய வந்தா விலை எங்கயோ போயிடும், சேர்க்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியும்.

அந்த எட்டு பக்கத்துல கப்பலே இல்ல. கடலும் இல்ல, கம்பமும் இல்ல. ஒரு பேங்க், ஒரு ஆபீஸ், ஒரு ஆள் வந்து பேசிட்டுப் போறாரு, அவ்வளவுதான்.

அன்னிக்கு சாயங்காலமே வால்யூமை எடுத்துக்கிட்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொரு பக்கமா பாத்தாரு, திரும்ப முதல்லேர்ந்து பாத்தாரு. "கப்பல் இருந்துச்சேடா"ன்னாரு. அப்புறம்தான் சொன்னாரு, அவரும் அதை வாங்குறப்பவே அந்த எட்டு பக்கம் இல்லையாம், அவரோட பிரெண்டு ஒருத்தர் அவருக்குச் சொன்ன கதையாம் அந்தக் கப்பல்.

என்னோட கிழிஞ்ச புக்கும் அந்த வால்யூமும் இப்ப ஒரே பெட்டியில இருக்கு. கப்பல் கதையை சித்தப்பாவைத் திரும்பச் சொல்லச் சொல்லி, நாலு பக்கத்துல எழுதி, கிழிஞ்ச புக்குக்கு முன்னாடி, முதல் எட்டு பக்கம் இருக்க வேண்டிய இடத்துல வச்சிருக்கேன். உங்க வீட்டுப் பரண்ல முத்து காமிக்ஸ்னு போட்ட தனி அட்டை ஏதாவது கிடந்தா, உள்ள ஒண்ணும் இல்லையேன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. நன்றி, வணக்கம்.